கிடாரி: சொற்பொருளும் சொற்பிறப்பும்

காவிரிப் படுகையில் ஆவினம் பற்றி வழங்கும் சொற்களுள் கிடாரி என்பதும் ஒன்று. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய மாவட்டங்களின் உழவர் பேச்சில் இது கிடேரி என்றும் கெடேரி என்றும் ஒலிக்கும். இன்னும் கன்று ஈனாத இளம்பசு என்பது இதன் பொருள். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட தமிழ் லெக்சிகனும் இப்பொருளையே கூறும். கடாரி என்னும் வடிவமும் அதன்கண் இடம்பெற்றுள்ளது. எனவே பொருளளவில் இச்சொல் எளியதே. ஐயம் எழுவது பிறப்பைப் பற்றியே.

கடா, கிடா என்பன ஆணைக் குறிக்கும் சொற்கள் என்பதை எவரும் அறிவர். எருமைக்கடா, ஆட்டுக்கிடா என்னும் வழக்குகள் நாடெங்கும் உள. அங்ஙனமாயின், ஆணைக் குறிக்கும் சொல்லினின்று பெண்ணை, அதிலும் ஈனாத இளம்பெண்ணைக் குறிக்கும் சொல் தோன்றியது எவ்வாறு? ஆண்பாற் பெயரோடு பெண்பால் ஈறு சேர்ந்து கிடாரி ஆயிற்று என்பது முதற்பார்வையில் தோன்றும் விடை. அவ்விடை பொருந்தாது என்பதும், கடாவும் கிடாரியும் தாயும் மகளும் அல்ல, இளமை குறித்த ஒரே அடியினின்று பிறந்த உடன்பிறப்புகளே என்பதும் நாம் இக்கட்டுரையில் நிறுவ முற்படும் கருத்து.

1. படுகை வழக்கில் கிடாரி

ஒரு சொல்லின் பிறப்பை ஆராயப் புகுவோர் முதற்கண் அச்சொல் வழங்கும் இடத்தில் அதன் எல்லைகளை அளந்தறிதல் வேண்டும். படுகை உழவர் ஆவின் வாழ்நாளைப் பல படிகளாகப் பகுத்துப் பெயரிட்டுள்ளனர். ஈன்ற அணிமையில் அது கன்று. ஆணாயின் காளங்கன்று, பெண்ணாயின் கிடாரிக்கன்று. பால்குடி மறந்து மேய்ச்சலுக்குப் பழகிய பின் பெண்கன்று கிடாரி எனத் தனித்துப் பெயர் பெறும். பாற்பல் விழுந்து நிலைப்பல்லின் முதல் இணை தோன்றுவது ஏறத்தாழ இரண்டு முதல் இரண்டரை ஆண்டு வயதில். அப்போது அதனை இரண்டு பல் கிடாரி என்பர். காளை சேர்ந்து சூல் கொண்டபின் சினைக்கிடாரி. ஒன்பது திங்களுக்குச் சற்று மேற்பட்ட சூற்காலம் முடிந்து முதற்கன்றை ஈன்றதும் அதன் கிடாரிப்பெயர் நீங்கிவிடும். அன்றுமுதல் அது தலையீத்துப் பசு. இரண்டாம் ஈத்து, மூன்றாம் ஈத்து என அதன்பின் எண்ணிக்கை தொடரும்.

இப்படிநிலைகளுள் ஒன்று ஊன்றி நோக்கத்தக்கது. கிடாரி என்னும் பெயரைத் தருவதும் நீக்குவதும் பெண்மை அன்று. பெண்மை கன்றுக்கும் உண்டு. ஈன்ற பசுவுக்கும் உண்டு. ஈனாமையாகிய இளமையே அப்பெயரின் எல்லையை வகுக்கின்றது. சினையாய் இருக்கும்போதும் கிடாரி என்பதும், ஈன்ற அன்றே அப்பெயர் அகல்வதும் இதனை ஐயமற உணர்த்தும்.

இனி, கிடா என்னும் சொல்லோடு இதனை இணைத்துப் பார்ப்போம். கிடாரி என்பது கிடாவின் பெண்பாலாயின், இரண்டும் ஒரே விலங்கினத்துள் இணைப்பெயர்களாக வழங்குதல் வேண்டும். தோழன் என்பதற்குத் தோழி, கிழவன் என்பதற்குக் கிழவி என்பனபோல் அவை நிற்றல் வேண்டும். ஆனால் வழக்கு அவ்வாறு இல்லை. ஆவினத்துள் கிடாரிக்கு இணை காளை அல்லது காளங்கன்றே; உழவுமாட்டையோ பொலிகாளையையோ படுகை உழவர் கிடா என்னார். ஆட்டினத்துள் கிடாவுக்கு இணை பெட்டை. பெட்டையாட்டைக் கிடாரி என்னார். எருமையினத்துள் மட்டும் கிடா, கிடாரி ஆகிய இரண்டும் ஒருசேர வழங்கும். அங்கும் அவை நேரிணைகள் அல்ல. எருமைக்கிடா இளையதாயினும் முதியதாயினும் கிடாவே. எருமைக்கிடாரியோ ஈனும்வரை மட்டுமே கிடாரி. ஒன்றற்கு வயதெல்லை இல்லை, மற்றொன்றற்கு உண்டு. ஆகவே கிடாரி கிடாவின் பெண்பால் என்னும் விடை வழக்கினாலேயே மறுக்கப்படுகின்றது.

2. மரபியல் கூறுவன

தொல்காப்பியப் பொருளதிகாரத்து மரபியல் விலங்கு, பறவை, மரம் முதலியவற்றின் இளமைப்பெயர், ஆண்பாற்பெயர், பெண்பாற்பெயர் ஆகியவற்றைத் தொகுத்துக் கூறுகின்றது. இளமைப்பெயர்களாகப் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்னும் ஒன்பதும் சொல்லப்பட்டுள. ஆண்பாற்பெயர்களாக ஏறு முதல் கடுவன் ஈறாகப் பதினைந்தும், பெண்பாற்பெயர்களாகப் பேடை முதல் பிடி ஈறாகப் பதின்மூன்றும் வைக்கப்பட்டுள.

நம் ஆராய்ச்சிக்கு இவற்றுள் இரண்டு செய்திகள் துணையாவன. முதலாவது, ஆண்பாற்பெயர்த் தொகுதியுள் கடா என்னும் சொல் பெயர்சுட்டிக் கூறப்படவில்லை. ஏறு, ஒருத்தல், சே, மோத்தை, தகர், உதள், அப்பர், போத்து, கண்டி என ஆடுமாடுகட்கு உரியன பல எண்ணப்பட்டும் கடா அவற்றிடையே இல்லை. பிறவும் என ஆசிரியர் இடம் வைத்திருத்தலின், அச்சொல் அக்காலத்து வழங்கவே இல்லை எனத் துணிதல் கூடாது. ஆயினும் ஆண்பால் குறிக்கும் தலைமைச் சொற்களுள் ஒன்றாக அது கருதப்படவில்லை எனக் கொள்ளுதல் தவறாகாது.

இரண்டாவது, பெண்பாற்பெயர்த் தொகுதியுள் கடமை என்பது உள்ளது. மூடு என்பதும் கடமை என்பதும் ஆட்டின் பெண்ணுக்கே உரியன என மரபியல் வரையறுக்கின்றது. கடமை என்பது அவ்வியலிலேயே ஒரு காட்டு விலங்கின் பெயராகவும் வருதலின், அவ்விரு பொருளையும் ஒன்றோடொன்று மயங்கவிடாமல் பிரித்தறிதல் வேண்டும். ஆட்டின் பெண்ணைக் குறிக்கும் கடமையே ஈண்டு நமக்கு வேண்டுவது. கட- என்னும் அடியினின்று தோன்றி ஆடுமாடுகளைக் குறிக்கும் சொற்களுள் நமக்குக் கிடைக்கும் பழைய இலக்கணச் சான்று ஆணைக் குறிப்பதன்று, பெண்ணைக் குறிப்பது. ஆண்மை இவ்வடியின் இயல்பான பொருளாயின் கடமை என்னும் பெண்பாற்பெயர் எங்ஙனம் தோன்றியிருக்கும்?

இனி, பழந்தமிழில் இளம்பசுவைச் சுட்டிய சொல் நாகு என்பது. எருமை, மரை, பெற்றம் ஆகிய மூன்றன் பெண்ணும் நாகு எனப்படும் என்றும், நீர்வாழ் உயிர்களுள் நந்தும் அப்பெயர் பெறும் என்றும் மரபியல் கூறும். புறநானூற்றின் 266-ஆம் பாடலிலும் நீர்வாழ் உயிரொன்றன் இளம்பெண்ணைச் சுட்ட இச்சொல் ஆளப்பட்டுள்ளது. நாகு என்பதற்கு அகராதிகள் இளமை, பெண்மை ஆகிய இரண்டனையும் பொருளாகத் தருகின்றன. இளமை குறிக்கும் ஒரு சொல் நாளடைவில் இளம்பெண் விலங்குக்கே உரிமையாதல் தமிழில் புதுமையன்று என்பதற்கு நாகு தக்கதொரு சான்று. அதன் மறுதலையாகக் காளை என்பதனைக் காட்டலாம். இளவெருது, இளைஞன் என்னும் இருபொருளும் அதற்கு உண்டு. அங்கே இளமை ஆணின்பாற் சென்று நிலைத்தது. ஆகவே இளமைப்பொருள் ஒருபால் ஆண்மைக்கும் ஒருபால் பெண்மைக்கும் கிளைத்துச் செல்லுதல் நம் மொழியின் இயல்பே.

3. பொருந்தா விளக்கங்கள் சில

கிடாரி என்பதற்குச் சொல்லப்படக்கூடிய வேறு விளக்கங்களையும் நாம் புறக்கணித்தல் ஆகாது. கிடத்தல் என்னும் வினையோடும், அதனின்று பிறந்த கிடை என்னும் பெயரோடும் இதனை இணைக்கலாம் எனத் தோன்றும். அறுவடைக்குப்பின் படுகை வயல்களில் உரத்தின்பொருட்டு ஆடுமாடுகளைக் கிடை போடுதல் நெடுநாள் வழக்கம். கிடையிற் கிடப்பது கிடாரி என்னும் இவ்விளக்கம் கேட்பதற்கு இனியதே. ஆயினும் கிடையில் ஈன்ற பசுவும் கிடக்கும், ஆடும் கிடக்கும். ஈனாமையாகிய சிறப்புப்பொருள் இதனால் விளங்காது. மேலும் கிடாரியின் முதலெழுத்தில் உள்ள இகரம் பிற்பட்டது என்பதனைப் பின்னர்க் காட்டுவோம். இகரம் பிற்பட்டதாயின் கிடத்தலோடு கொண்ட உறவும் அதனோடு வீழும்.

கடா அரிதாயது கடாரி, அஃதாவது கடாவோடு சேராதது எனச் சொல்லைப் பிரித்துப் பொருள் காண்பாரும் இருத்தல் கூடும். சினைக்கிடாரி என்னும் வழக்கு ஒன்றே இதனை மறுக்கப் போதும். கடாரம் வென்ற சோழர் காலத்தே அந்நாட்டினின்று வந்த மாடு கடாரி எனப்பட்டது என்பது வெறும் ஒலியொப்புமை பற்றிய கற்பனை. கடல் கடந்து செல்லாத குடகு மலையிலும் வடபுலத்துக் காடுகளிலும் இச்சொல்லின் உறவுகள் வழங்குதலின் அதுவும் பொருந்தாது.

4. இனமொழிச் சான்றுகள்

தமிழின் இனமொழிகளை நோக்கின் உண்மை மேலும் தெளிவாகும். மலையாளத்தில் கடச்சி என்பது ஈனாத இளம்பசுவைக் குறிக்கும். கிடாரி என்பதும் அங்கு உண்டு. கன்னடத்தில் கடசு என்பது இன்னும் ஈனாத பசு அல்லது எருமையைக் குறிக்கும் என 1894-இல் வெளிவந்த கிற்றலின் கன்னட அகராதி கூறும். குடகு மொழியில் கடிசி என்பதும், துளுவில் முதலெழுத்து எடுத்தொலிக்கும் கடசு என்பதும் அப்பொருளனவே. இவை நான்கிலும் ஈனாமை என்னும் பொருள் மாறாது நிற்றலைக் காண்க. இவற்றுள் எதுவும் கடா என்னும் ஆண்பாற்பெயர் மேல் ஈறு சேர்ந்து பிறந்ததன்று. கட- என்னும் குற்றடியின் மேலேயே ஈறு சேர்ந்துள்ளது.

மலையாளத்தில் கிடாவு என்னும் சொல் உண்டு. இளமையும் வலிமையும் உடைய ஆண்விலங்கை அது குறிக்கும். அதுவே குழந்தையையும் குறிக்கும். கிடாங்ஙள் என்னும் பன்மைக்குச் சிறுவர், பிள்ளைகள் என்பது பொருள். ஆண்விலங்கைக் குறித்த சொல் குழந்தைக்கு ஆயிற்று என்பதினும், இளமையைக் குறித்த சொல் ஒருபால் குழந்தைக்கும் மற்றொருபால் இளவிலங்குக்கும் ஆயிற்று என்பதே பொருத்தமுடைத்து.

வடதிராவிட மொழியாகிய குருக் சோட்டா நாகபுரி மலைநாட்டில் வழங்குவது. அதன்கண் இளவெருமையுள் ஆணைக் கடா என்றும் பெண்ணைக் கடீ என்றும் கூறுவர். இருபாற்கும் பொதுவாக எருமைக்கன்றைக் குறிக்கும் மற்றொரு சொல்லும் இவ்வடியினின்றே அங்கு உண்டு. அங்குக் கடா என்பது ஆணேயாயினும் இளையது என்பது கருதத்தக்கது. நெடுங்காலத்துக்கு முன்னரே தென்மொழிகளினின்று பிரிந்துபோன ஒரு மொழியில் இளமைப்பொருள் ஆண், பெண், பொது ஆகிய மூன்றிடத்தும் நிலைத்திருக்க, தமிழ்க் கடா மட்டுமே அதனை இழந்து வயதெல்லையற்ற ஆண்பாற்பெயர் ஆயிற்று.

பரோ, எமனோ ஆகிய இருவரும் தொகுத்து 1961-இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியும், 1984-இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பும் கடவு, கடா, கடாய், கடாரி, கிடாரி, கடமை என்னும் தமிழ்ச் சொற்களையும் மேற்காட்டிய இனமொழிச் சொற்களையும் ஒரே தொகுதியில் வைத்துள்ளன. தொகுத்தல் அவர்தம் பணி. தொகுதியுள் எப்பொருள் முந்தியது, எது எதனின்று கிளைத்தது என ஆராய்தல் நம் பணியாகும். மேற்கூறிய சான்றுகளை நிறுத்துப் பார்ப்பின், கட- என்பதன் முதற்பொருள் வளர்ந்துவரும் இளவிலங்கு என்பதே எனக் கருதுகின்றோம்.

5. கடாஹம் என்னும் வடசொல்

ஈண்டு ஒரு தடை எழும். வடமொழியில் கடாஹம் என்னும் சொற்குக் கொப்பரை என்பது பெருவழக்கான பொருள். கடாரநாட்டின் பெயராகவும் அது வரும். கொம்பு அப்பொழுதுதான் முளைக்கத் தொடங்கிய இளம் பெண்ணெருமை என்னும் பொருளும் வடமொழி அகராதிகளில் அதற்குச் சொல்லப்பட்டுள்ளது. தமிழிலோ கடாரம் என்பது கொப்பரையையும் அந்நாட்டையும் குறிக்கின்றது. கடாரி என்பது இளம்பசுவைக் குறிக்கின்றது. மூன்று பொருளும் இருமொழியிலும் ஒத்திருத்தலின், கடாரம் கடாஹத்தின் திரிபாதல் போலக் கடாரியும் அதன் திரிபே என ஒருவர் வாதிடலாம். இவ்வாதம் மேற்கண்ட பொருந்தா விளக்கங்கள் போன்றதன்று, விடை கூறத்தக்கது.

கொப்பரையும் நாட்டுப்பெயரும் ஒருபுறம் நிற்க. விலங்கைக் குறிக்கும் பொருளை மட்டும் தனியே நோக்குக. வடமொழியில் அப்பொருள் துணையின்றித் தனித்து நிற்கின்றது. கன்றுக்கும் குழந்தைக்கும் ஆட்டுக்கும் ஆணுக்கும் உரிய கிளைச்சொற்கள் அதனைச் சூழ அங்கு இல்லை. திராவிட மொழிகளிலோ தென்கோடி முதல் சோட்டா நாகபுரி வரை ஒரு சொற்குடும்பமே பரந்துள்ளது. கடமை, கடச்சி, கடசு, கிடாவு, கடீ என்னும் இவற்றுள் எதனையும் கடாஹத்தினின்று ஒலிநெறி பிறழாது வருவித்தல் இயலாது. ஒருபுறம் தனிச்சொல்லும் மறுபுறம் குடும்பமும் நிற்குமிடத்துக் கடன் கொண்டது எது என்பது வெளிப்படை. பஞ்சாபியில் எருமைக்கன்றைக் கட்டா, கட்டீ என வழங்குதலும் இத்தொடர்பினது ஆகலாம். எனவே இளவெருமை என்னும் பொருளில் கடாஹம் திராவிடத்தினின்று வடமொழி புக்கது என்றும், கொப்பரையைக் குறிக்கும் சொல்லோடு அது வடிவொற்றுமையால் ஒன்றுபட்டது என்றும் கொள்ளுதலே நேரிது.

6. ஒலிமாற்றம்

கடாரி, கிடாரி என்னும் இரண்டனுள் முந்தியது எது? கன்னடம், துளு, குடகு, குருக் ஆகிய எல்லாவற்றிலும் முதலெழுத்து அகர உயிரோடே வருகின்றது. தமிழ்க் கடமையும் அவ்வாறே. ஆகவே கடாரி முந்தியது; கிடாரி பிந்தியது. தமிழிலும் மலையாளத்திலும் டகரத்தின் முன் அகரம் இகரமாதல் இச்சொற்கு மட்டும் உரியதன்று. கடா, கிடா என்றும், கடாய், கிடாய் என்றும், கடாரம், கிடாரம் என்றும் இணைவடிவங்கள் வழங்குகின்றன. கடாரம் என்பதனைச் சோழர்காலத்துச் செப்பேடுகளிலும் கல்வெட்டுகளிலும் இருவகையாகவும் காணலாம். நாகப்பட்டினத்துக் கல்வெட்டுகளில் கிடாரம் என்னும் வடிவமே பயில்கின்றது. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இப்படுகையில் அகர, இகர மயக்கம் நிகழ்ந்தது என்பதற்கு இது காலம் தெரிந்த சான்று. கடாரத்துக்கும் கடாரிக்கும் சொற்பிறப்பில் தொடர்பில்லை. ஒலிமாற்ற நெறியில் மட்டுமே ஒன்று மற்றொன்றற்குச் சான்றாகின்றது.

கிடாரி பேச்சில் கிடேரி ஆனது அடுத்த படி. முன்னும் பின்னும் இகரம் நிற்க, இடைப்பட்ட ஆகாரம் அவற்றின் சார்பால் ஏகாரமாயிற்று. கெடேரி என்பதில் முதலிகரம் எகரமாயினமை, இலை எலை எனவும் விலை வெலை எனவும் ஒலிக்கும் பேச்சுநெறியோடு ஒப்புநோக்கத்தக்கது. ஈற்று இகரம் பெண்மை குறித்தது எனலாம். எஞ்சி நிற்கும் கடார் என்பதன் ரகரம், ஆகார ஈற்றுக்கும் இகரத்துக்கும் இடையே நின்ற இணைப்பொலி எனக் கருதுகின்றோம். மேலைமொழிகள் கட- என்பதனோடு சகர ஈற்றைச் சேர்த்துக் கடச்சி, கடசு எனப் படைத்துக்கொண்டன. தமிழ் கடாரி எனப் படைத்துக்கொண்டது. ஈறு வேறாயினும் அடியும் பொருளும் ஒன்றே.

7. பொருள் கிளைத்த வரலாறு

இதுகாறும் கூறியவற்றால் இச்சொற்குடும்பத்தின் வரலாற்றை ஒருவாறு வரிசைப்படுத்தலாம். முதற்கண் கட- என்பது ஆண், பெண் என்னும் வேறுபாடின்றி வளர்நிலையிலுள்ள இளவிலங்கைக் குறித்தது. பின்னர் அது இருவழிப் பிரிந்தது. இளமையோடு கூடிய வலிமை ஆணின்பால் சிறந்து தோன்றலின் கடா, கிடா என்பன ஆணுக்கு உரிமையாயின. நாளடைவில் இளமை என்னும் கூறு தேய்ந்து ஆண்மை மட்டும் எஞ்சியது. மற்றொருவழியில் ஈனும் பருவத்தை நோக்கி வளரும் பெண் கடாரி எனப்பட்டது. இங்கு இளமைக்கூறு தேயவில்லை; ஈனாமை என்னும் வரம்போடு அது உறுதியாய் நின்றது. ஆகவே எழுத்து வழக்கில் பெருவரவிற்றாகிய கடாவைவிட, மாட்டுக்கொட்டிலில் வழங்கும் கிடாரியே இவ்வடியின் பழம்பொருளைப் பேணிக் காத்துள்ளது எனல் வேண்டும்.

ஆயின் அப்பொருளும் இன்று அசைவுற்று வருகின்றது. உழவிற்கும் வண்டிக்கும் மாட்டை நம்பிய காலத்தில் படுகை உழவர்க்குக் காளங்கன்றே பெரும்பொருள். நாகப்பட்டினம் மாவட்டத்து உம்பளச்சேரி என்னும் ஊரால் பெயர் பெற்ற மாட்டினம் சேற்றுழவிற்குப் பேர்போனது. அதன் கன்று பிறக்கும்போது செந்நிறமாய் இருந்து, சில திங்களில் சாம்பல்நிறம் எய்தும். அதன் பசு மிகுதியும் பால் தருவதன்று. எனவே கிடாரியின் மதிப்பு அது எத்துணை விரைவில் ஈனும் என்பதைப் பற்றியே அமைந்தது. இழுவை எந்திரம் வந்தபின் காளங்கன்றின் மதிப்பு வீழ்ந்தது. கலப்பினக் கறவைமாடு பெருகியது. இன்று கன்று பிறந்தவுடன் கேட்கப்படும் வினா கிடேரியா காளையா என்பதே. பெண்கன்று மட்டும் பிறக்கும் வகையில் பாலினம் பிரித்த உறைவிந்தும் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. இச்சூழலில் கிடேரி என்பது ஈனாத பசு என்னும் பருவப்பொருளை விட்டுப் பெண்கன்று என்னும் பாற்பொருளை நோக்கிச் சாய்கின்றது. கடா முன்னொரு காலத்தில் இழந்த இளமையைக் கிடாரி நம் கண்முன்னே இழந்து வருகின்றது.

8. பருவப்பெயரின் பயன்

ஒரு சொல் பருவப்பொருளை இழத்தலால் வருவது என்ன என வினவலாம். விடையைத் தஞ்சைப் பெரிய கோயிலிலேயே காணலாம். முதலாம் இராசராசன் (985–1014) அக்கோயிலில் திருவிளக்குகள் எரிதற்பொருட்டு ஆடு, பசு, எருமை ஆகியவற்றை இடையர்பால் ஒப்படைத்தான். ஒரு விளக்கிற்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை என்பது கணக்கு. நாடோறும் உழக்கு நெய் அளத்தல் வேண்டும். உழக்காவது நாழியில் நாலில் ஒன்று. இத்தகைய அறக்கொடைகளில் சாவா மூவாப் பேராடு என்னும் தொடர் சோழர் கல்வெட்டுகளில் பெருவழக்காகப் பயிலும். ஆடு சாகாததும் மூவாததும் எங்ஙனம்? செத்ததற்கும் மூத்ததற்கும் ஈடாக இளையதை நிரப்பி, எண்ணிக்கை குறையாது காத்தலே அதன் கருத்து.

இக்கருத்தைப் பசுவின்மேல் வைத்துப் பார்ப்போம். நாற்பத்தெட்டுப் பசுவும் ஒருசேரப் பால் தருதல் இல்லை. சில கறவை, சில வற்றியவை, சில சினை. மூத்துக் கழிவனவற்றின் இடத்தை நிரப்பக் கிடாரிகள் வளர்ந்துவருதல் வேண்டும். கல்வெட்டு பசுவை எண்ணுகின்றது. விளக்கு அணையாது எரிதலோ, ஆண்டுதோறும் பசுவாகும் கிடாரிகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. எனவே கறவைக் கொடைகளைப் பற்றி ஆராய்வோர், ஈன்றது, ஈனாதது, கன்று என்னும் பருவ வேறுபாட்டை மனங்கொள்ளாமல் அக்கணக்குகளைப் புரிந்துகொள்ளல் அரிது. ஒரு மந்தையில் பெண்கன்று பத்து என்பதும் கிடாரி பத்து என்பதும் ஒன்றல்ல. முன்னது நெடுநாட் பின் வரக்கூடிய பயன். பின்னது அண்மையில் வரும் பயன்.

இக்காலத்து ஆட்சியும் அவ்வேறுபாட்டை வேண்டியே நிற்கின்றது. இந்தியாவில் 1919 முதல் கால்நடைக் கணக்கெடுப்பு நடந்து வருகின்றது. இருபதாவது கணக்கெடுப்பு 2019-இல் நிகழ்ந்தது. அதன்கண் பெண்மாடுகளை வயதுவாரியாகப் பகுப்பதோடு, பால் கறப்பவை, வற்றியவை, ஒருமுறையும் ஈனாதவை எனவும் பிரித்து எண்ணுகின்றனர். ஒருமுறையும் ஈனாதது என்பது ஒரு நீண்ட தொடர். அத்தொடரின் பொருளை ஒரே சொல்லில் அடக்கிக் கிடாரி என உழவர் நெடுங்காலமாகக் கூறி வருகின்றனர்.

முடிவுரை

நாம் கண்ட முடிபுகளைத் தொகுத்துக் கூறுவோம். கிடாரி என்பது கிடா என்னும் ஆண்பாற்பெயரின் பெண்பால் வடிவம் அன்று. இரண்டும் இளவிலங்கைக் குறித்த கட- என்னும் திராவிட அடியினின்று தனித்தனியே கிளைத்தவை. கடாரி முந்து வடிவம். கிடாரி, கிடேரி என்பன முறையே பிந்தியவை. வடமொழிக் கடாஹம் இளவெருமை என்னும் பொருளில் இச்சொற்குக் கொடுத்தது அன்று, திராவிடத்தினின்று கொண்டதே.

இனி எழுதப்பெறும் தமிழகராதிகள் இச்சொல்லைக் கடாரி என்னும் தலைப்பின்கீழ்க் கடச்சி, கடசு ஆகிய இனச்சொற்களோடு வைத்து, ஈனாத இளம்பசு என்பதை முதற்பொருளாகவும் பெண்கன்று என்பதை அண்மைக்கால வழக்காகவும் பிரித்துக் காட்டுதல் நன்று. படுகையில் ஆய்வு மேற்கொள்ளும் முதுகலை மாணவர்க்கும் ஒன்று கூற விழைகின்றோம். ஈத்து, சினை, பல், நிறம், கொம்பு ஆகியவை பற்றிய சொற்களை ஏட்டில் தேடுமுன் கொட்டிலில் கேட்டறிதல் வேண்டும். சேற்றுழவுக்கு மாடு பூட்டிய தலைமுறை இன்னும் ஊர்களில் உள்ளது. கிடாரிக்கும் கிடாரிக்கன்றுக்கும் உள்ள வேறுபாட்டை அவர்கள் ஐயமின்றிச் சொல்வர். அவர்கள் பேச்சைப் பொருளெல்லையோடு பதிவு செய்துவிட்டால், கட- என்பதன் வரலாற்றில் தமிழ்ப்பகுதி நிறைவுறும்.